நாலு பேரு, டிரைவர் தனி

குணசேகரிடம் ஊட்டி எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பார்க்கிங் மோசம் என்பான். மைசூர் அரண்மனை? எதிர்ப்பக்கம் நல்ல நிழல் உண்டு, பாத்ரூமுக்குத்தான் ரொம்ப தூரம் நடக்கணும் என்பான். குடகு, ஹம்பி, சிக்கமகளூரு, முருடேஷ்வர் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் எந்த ஊரைக் கேட்டாலும் அவன் சொல்வதில் ஒரு மைதானம் இருக்கும், ஒரு டீக்கடை இருக்கும், வரிசையாக வண்டிகள் நிற்கும். பதினாலு வருஷமாக டெம்போ டிராவலர் ஓட்டுகிறவன் வேறு எதைக் கண்டான்? ஜனங்கள் இறங்கி உள்ளே போவார்கள், பார்ப்பார்கள், போட்டோ பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். இவன் சீட்டைச் சாய்த்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவான். தூங்காவிட்டால் திரும்பி ஓட்டுகிறது யார்?

இப்படிப்பட்டவனைக் கட்டிக்கொண்டவள் சங்கமித்ரா. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் கோலார் தங்கவயல். அவளுக்கு மாரிக்குப்பம், அவனுக்கு ஆண்டர்சன்பேட்டை. இப்போது வீடு பொம்மனஹள்ளியில். அவள் பக்கத்திலேயே ஒரு கார்மென்ட்ஸில் செக்கராக இருக்கிறாள். தைத்து வருகிற சட்டையில் நூல் பிரிந்திருந்தால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது வேலை. ஞாயிற்றுக்கிழமை புத்தர் படத்துக்கு முன்னால் கல்யாணம். திங்கட்கிழமை விடியும்போது மாப்பிள்ளைக்கு வயநாடு டிரிப். அதுவும் என்ன டிரிப் என்று கேட்டால் வயிறு எரியும். வேறு யாரோ ஒரு ஜோடிக்குப் புதுசாகக் கல்யாணமாகி, சிநேகிதக் கூட்டத்தோடு ஹனிமூன் கிளம்பியிருந்தது. அவர்களுக்கு இவன் வண்டி ஓட்டினான். இவள் ஆண்டர்சன்பேட்டையில் மாமியாரோடு உட்கார்ந்து பூண்டு உரித்தாள்.

அன்றிலிருந்து அவள் ஊர் பார்த்ததெல்லாம் காதால்தான். முருடேஷ்வரிலிருந்து போன் பண்ணுவான். கேக்குதா என்பான். போனைக் கடல் பக்கம் நீட்டியிருக்கிறான் என்று இவளுக்குத் தெரியும். கேக்குது என்பாள். அடுப்பில் குக்கர் விசில் அடிக்கும். அவன் அதைக் கேட்டு, சாப்ட்டியா என்பான். அவ்வளவுதான் அவர்கள் சேர்ந்து கடல் பார்த்தது.

அவளுக்கு ஒரு ஆசை. கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கேயாவது போகும்போது அவன் அவளுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கணும். கையில் ஸ்டியரிங் இருக்கக் கூடாது. அவள் ஏதாவது காட்டினால் அவன் திரும்பிப் பார்க்கணும். இது ஒரு ஆசையா என்று நீங்கள் கேட்கலாம். டிரைவர் பெண்டாட்டிகளிடம் போய்க் கேளுங்கள், சொல்வார்கள்.

அந்த வருஷம் அதற்கு ஒரு வழி பிறந்த மாதிரி இருந்தது. மகள் லீனாவுக்குப் பதின்மூன்று வயது. பிடதிப் பக்கம் இருக்கிற பெரிய பார்க்குக்கு, தண்ணீரில் சறுக்குகிறதும் தலைகீழாகச் சுற்றுகிறதும் இருக்கிறதே அந்தப் பார்க்குக்கு, கிளாஸில் போகாதவள் தான் ஒருத்திதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். குணசேகர் தசராவுக்கு ஒரு நாள்கூட லீவு போடாமல் ஓட்டியிருந்ததால் வண்டி ஓனர் சீனிவாசராகவன் மனம் இளகி, இரண்டு நாள் வண்டியை எடுத்துக்கோ, டீசல் மட்டும் போட்டுக்கோ என்று சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே பெரிசு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மாநாடு கூடியது. ஜீவனஹள்ளியிலிருந்து சங்கமித்ராவின் தம்பி ரகுவும் அவன் பெண்டாட்டி சோனியாவும் வந்திருந்தார்கள். ரகு ஏசி மெக்கானிக். சோனியா பார்லரில் வேலை செய்கிறாள். குணசேகர் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரூட் சொன்னான். ரூட் சொல்லும்போது அவன் குரலே மாறிவிடும்.

"மொத நாளு பார்க்கு. காலைல வுட்டா சாய்ந்தரம் வரைக்கும் அங்கதான். அங்கேர்ந்து நேரா மைசூரு, நைட் ஹால்ட். மறுநாளு காலைல ஜூ பாத்துட்டு கெளம்பணும். திரும்பறப்ப சென்னபட்ணா, பொம்ம வாங்கறவங்க வாங்கிக்கலாம்."

"மத்தூர் வடை மாமா?" என்றான் ரகு.

"புது ரோடு மேலயே போயிடுதுடா மச்சான். வடைக்குன்னு கீழ எறங்கி சுத்தணும்."

"எறங்குங்க. மத்தூர் வடை துண்ணாம மைசூரு ரோட்ல போறது பாவம்."

சோனியா ஜூவுக்கு அரை நாள் வேண்டும் என்றாள். லீனா பார்க்கைத் தவிர எதுவுமே வேண்டாம் என்றாள். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். சங்கமித்ரா தட்டில் சுண்டலைப் போட்டுக்கொண்டே, "பைலகுப்பே போலாமா?" என்றாள்.

பைலகுப்பே மைசூருக்கு அப்பால் இருக்கிறது. திபெத்துக்காரர்கள் வந்து குடியேறிய ஊர். அங்கே விகாரையில் தங்கம் பூசிய புத்தர் பல ஆள் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். மாரிக்குப்பத்தில் அவள் வீட்டில் பரம்பரையாகப் பௌத்தம். அவள் அப்பா, போகணும் போகணும் என்று சொல்லிக்கொண்டே இருந்து போகாமலேயே போய்ச் சேர்ந்தார்.

"பைலகுப்பே எப்டிப்பா இருக்கும்?" என்று லீனா கேட்டாள்.

"நல்ல எடம். வண்டிங்க நிக்கிறதுக்கு பெரிய கிரவுண்டு. மோமோ கடை இருக்குது."

"உள்ள?"

"உள்ள பெரிய புத்தராம். பார்ட்டிங்க சொல்லுவாங்க."

டிரைவர்களுக்கு வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் பார்ட்டிதான். குடும்பமானாலும் பார்ட்டி, கம்பெனி ஆட்கள் ஆனாலும் பார்ட்டி. லீனா சிரித்தாள். சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் வண்டி எடுக்கப் போகுமுன் அலமாரி மேல் இருக்கிற சின்ன புத்தருக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுக் கிளம்புகிறவன், அத்தனை தரம் பைலகுப்பே போயும் வாசலுக்கு வெளியே செருப்புக் குவியல் வரைக்கும்தான் போயிருக்கிறான்.

"ஏங்க, ஆக்டிங் டிரைவர் ஒருத்தர போட்டா இன்னா? ரெண்டு நாளுக்குத்தானே," என்றாள்.

ரகு கை தட்டிச் சிரித்தான். "டிரைவர் வூட்டு டிரிப்புக்கு ஆக்டிங் டிரைவரா? வெளிய சொல்லாதக்கா."

"ஓனர் வண்டி மித்ரா," என்றான் குணசேகர். "ஒரு கோடு வுழுந்தா யாரு பதில் சொல்றது? எவனோ ஓட்டிகினு வருவான், நான் பின்னாடி உக்காந்துகினு ஊர் பூரா காலாலயே பிரேக் மிதிச்சிகினு வரணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பைலகுப்பே பேச்சும் அதோடு போயிற்று.

தம்பியும் சோனியாவும் கிளம்பிப் போன பிறகு அவன் தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்கு வந்தான். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்.

"எனக்கு நீங்க பக்கத்துல உக்காரணும். அதுக்குத்தான் கேட்டேன்."

அவன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "கிளீனர் சீட்டு இருக்குதே. முன்னாடி என் பக்கத்துலயே உக்காந்துகினு வா."

"அது பக்கத்துலயா? நீங்க ரோட்டப் பாப்பீங்க. நான் உங்கள பாத்துகினு வரணும். அதத்தான் இத்தினி வருசமா பண்றேனே."

தண்ணீரைக் குடித்து முடித்தான். பிறகு, "சரி. பார்க்குக்குள்ள நாள் பூரா உங்கூடத்தான். அந்தாண்ட இந்தாண்ட நகர மாட்டேன். போதுமா?" என்றான்.

"வருவீங்கல்ல?"

"வராம? எனக்கு மட்டும் ஆச இல்லியா? எத்தினி வாட்டி அந்தச் செவுத்துக்கு இந்தாண்ட படுத்துகினு இருந்திருக்கேன். உள்ள அப்படிக் கத்துவாங்க. அப்டி இன்னாதான் இருக்குதுன்னு பாக்கணும்னு எனக்கும் இருக்குது மித்ரா."

அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. மறுநாள் கார்மென்ட்ஸில் கால் தரையில் பாவவில்லை. நூல் பிரிந்த சட்டை இரண்டைப் பாஸ் பண்ணிவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் அவனுக்கு ஒரு அரை டிரவுசர் வாங்கினாள். கருநீலம், நைலான் துணி, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. பருத்தித் துணியோடு அங்கே தண்ணீரில் இறங்க விட மாட்டார்களாம், லீனா சொல்லியிருந்தாள். தையலை இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினாள், தொழில் விடுமா.

குணசேகர் அதைப் பார்த்ததும், "இத மாட்டிகினு எவன் நடமாடுவான்" என்று பீரோ மேல் எறிந்தான். ஆனால் லீனா ட்யூஷன் போயிருந்தபோது அவன் அதைப் போட்டுக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்ததைச் சங்கமித்ரா கதவிடுக்கில் பார்த்தாள். காலெல்லாம் வெளுத்துப்போய், முகமும் கையும் மட்டும் கருத்து, இரண்டு ஆளை ஒட்டவைத்த மாதிரி இருந்தான். அவளுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளணும் போல இருந்தது. சத்தம் போடாமல் அடுப்பங்கரைக்குத் திரும்பினாள்.

புதன்கிழமை ரகு டிக்கெட் போட்டான். முன்கூட்டி ஆன்லைனில் போட்டால் மலிவு என்று அவன்தான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருந்தான். டிக்கெட் வந்துவிட்டது என்று அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினான். அவள் ஒரு கும்பிடு பொம்மை பதில் போட்டாள்.

கிளம்புகிற நாள் காலையில் வண்டியைக் கழுவித் துடைத்து மாலை போட்டிருந்தான் குணசேகர். சங்கமித்ரா கிளீனர் சீட்டில் காலை வைத்து ஏறப் போனாள். அதற்குள் சோனியா, "அண்ணி, பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வரும்" என்று முகத்தைச் சுளித்தாள். மலைப்பாதையா என்றால் அதுவும் இல்லை, கோடு போட்ட மாதிரி நேர் ரோடு. என்ன செய்வது? வாந்தி வருகிறவளோடு யார் வழக்காடுவது? சங்கமித்ரா பின்னால் வந்து, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அதில் பையை வைத்தாள்.

அங்கிருந்து அவளுக்குத் தெரிந்தது அவன் பிடரி. முடி வெட்டி, பவுடர் போட்டிருந்தான். மேலே இருந்த கண்ணாடியில் அவன் கண் ஒரு தரம் அவளைப் பார்த்தது. பிறகு பின்னால் ஹார்ன் அடித்த லாரியைப் பார்த்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம். உள்ளே போய்விட்டால் லாரி ஏது.

பார்க் வாசலில் ஒரே கூட்டம். குணசேகர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டான். ஒவ்வொருவராக இறங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போனு, பர்ஸு எல்லாம் எடுத்துக்கினீங்களா? வண்டில எதுவும் வெக்காதீங்க. முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க, கேட்டாண்டயே வந்துடறேன்."

சொல்லிவிட்டு ஏறி, வண்டியைத் திருப்பிக்கொண்டு பார்க்கிங் பக்கம் போய்விட்டான்.

அவன் சொன்னது யாருக்கும் உறைக்கவில்லை. லீனா வாசலில் இருந்த பெரிய யானை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரகு போனில் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தான். சங்கமித்ரா பையில் டிரவுசர் இருக்கிறதா என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். நிறுத்திவிட்டு வரட்டும் என்று நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கி உள்ளே போனார்கள். அதற்கு அப்புறம் வந்தவர்களும் உள்ளே போனார்கள். லீனா, "அப்பா எங்கம்மா, லைன் பெருசாகுது" என்று காலை உதைத்தாள். பார்க்கிங் கிடைக்கவில்லையோ என்று சங்கமித்ரா போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"முடிஞ்சிடுச்சா?" என்றான்.

தூக்கக் குரல். அப்படியே கட்டையாக, துண்டுக்கு அடியிலிருந்து வருகிற குரல். பதினாலு வருஷமாக அவளுக்குத் தெரிந்த குரல்.

"இன்னா முடிஞ்சிடுச்சா? நாங்க இன்னும் உள்ளயே போவல."

அந்தப் பக்கம் சீட் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்திருக்கிறான்.

"அய்யோ," என்றான் மெதுவாக.

ரகு அப்போதுதான் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அக்கா, டிக்கெட் நாலுதான் இருக்குது."

"நாலா?"

"மாமாதான் சொன்னாரு. எத்தினி பேருக்கு மாமான்னு கேட்டேன், நாலுன்னாரு. டிரைவருங்கள ஃப்ரீயா வுடுவாங்க போல, அதான் அப்டி சொல்றாருன்னு நெனச்சேன்."

ரகு, சோனியா, லீனா, அவள். நாலு. சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது, ஆனால் அதை யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. தம்பி மேல் கொட்டினால், அவன் சொன்னதைச் செய்தவன். சோனியாவின் முகம் சுண்டிப்போயிருந்தது, ஏதோ தன்னால்தான் என்கிற மாதிரி. "நீங்க உள்ள போங்க. நான் அவரக் கூட்டிகினு வரேன்," என்றாள் சங்கமித்ரா. ரகு அவள் டிக்கெட்டை அவள் போனுக்கு அனுப்பினான். லீனா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் மாமன் பின்னால் போனாள்.

பார்க்கிங்கில் வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. அத்தனையிலும் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அத்தனையிலும் டேஷ்போர்டு மேல் ஒரு ஜோடிக் கால் நீட்டியிருந்தது. மரத்தடியில் நாலைந்து டிரைவர்கள் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். குணசேகர் வண்டிக்கு வெளியே நின்றான். முகத்தைக் கழுவி, சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு, வாத்தியார் வீட்டுக்கு வந்த பையன் மாதிரி நின்றான்.

"நாலுன்னு ஏன் சொன்னீங்க?" என்றாள்.

"எப்ப?"

"ரகு டிக்கெட்டுக்குக் கேட்டப்ப."

அவன் யோசித்தான். "ஏர்போர்ட்ல லக்கேஜ் ஏத்திகினு இருந்தேன். எத்தினி பேருன்னான். பார்ட்டி நாலு பேரு..." அங்கேயே நின்றுவிட்டான். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "நாலு பேரு, டிரைவர் தனி. அப்டித்தான் எல்லா எடத்துலயும் சொல்லுவோம். லாட்ஜ்ல, ஓட்டல்ல, எங்க கேட்டாலும். வாய் தன்னால சொல்லிடுச்சு மித்ரா. வேணும்னு சொல்லல."

வேண்டுமென்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. சண்டையாவது போடலாம்.

"வூட்ல ஒல வெக்கறப்ப நானும் எண்ணுறேன்," என்றாள். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டாள். "நீங்க ஹம்பில இருந்தாலும் சரி, குடகுல இருந்தாலும் சரி, மூணு பேருக்குத்தான் போடறேன். வர மாட்டீங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் போடறேன். மறுநாளு அந்தச் சோத்துல தண்ணி ஊத்தி நான்தான் துண்றேன். ஒரு நாள்கூட உங்கள வுட்டுட்டு எண்ணினதில்ல. நீங்களே உங்கள எண்ண மாட்டேன்னா நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

மரத்தடியில் டிரைவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அதில் வயதான ஒருவர் எழுந்து, துண்டை உதறிக்கொண்டு, வேலை இருக்கிற மாதிரி தன் வண்டிப் பக்கம் போனார்.

குணசேகர் வண்டிக் கதவைத் தடவிக்கொண்டு நின்றான்.

"வரணும்னுதான் இருந்தேன். சத்தியமா. காலைலகூட நெனச்சிகினுதான் வந்தேன். வண்டிய நிறுத்தினேன். நிறுத்தினதும் கை தன்னால சீட்ட சாய்ச்சிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "உள்ள வந்து நான் இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல மித்ரா. பார்ட்டி கூட கேட் வரைக்கும் போவேன். அதுக்கு மேல கால் போவாது. எவனாவது, டிரைவர் வெளிய இருப்பான்னு சொல்லிட்டா?"

"யாரு அப்டி சொன்னாங்க?"

"யாரும் சொன்னதில்ல. சொல்ற அளவுக்கு நான் வெச்சிக்கறதில்ல."

இதை அவன் பெருமையாகச் சொல்கிறானா வருத்தமாகச் சொல்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. ஹம்பியிலும் குடகிலும் கடலோரத்திலும், யாரும் தள்ளாமல், தானே ஒதுங்கி ஒதுங்கி நின்ற ஒரு ஆளை அவள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். தன்னோடு இல்லாமல் எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டு வருகிறான் என்றுதான் இத்தனை நாள் நினைத்து ஏங்கியிருந்தாள். அவன் எங்கேயும் போகவே இல்லை. அவளைப் போலத்தான் அவனும், எல்லா ஊருக்கும் வெளியே உட்கார்ந்திருந்தான்.

கோபம் போன இடம் தெரியவில்லை. பையைத் திறந்து டிரவுசரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"வண்டிக்குள்ள போயி இத மாத்திகினு வாங்க."

"வண்டிய யாரு பாத்துக்கறது?"

"பூட்டினா ஓடியா போயிடும்?"

அவன் வண்டிக்குள் ஏறித் திரையை இழுத்துவிட்டான். வெளியே வந்தபோது டிரவுசருக்கு மேல் வேலைக்குப் போடும் அதே வெள்ளைச் சட்டை. முட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். மரத்தடியிலிருந்து ஒரு டிரைவர், "குணா, சூப்பரா கீற போ" என்றான். குணசேகர் கதவுகளைப் பூட்டினான். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். திரும்பி நாலு அடி வந்துவிட்டு மறுபடி போய்ப் பின் கதவை இழுத்துப் பார்த்தான். பிறகு சாவியை அவளிடம் நீட்டினான்.

"நீ வெச்சிக்க. எங்கிட்ட இருந்தா நான் உள்ள வந்தும் இதையேதான் நெனச்சிகினு இருப்பேன்."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு வண்டிச் சாவியையும் அவன் யார் கையிலும் கொடுத்து அவள் பார்த்ததில்லை. தூங்கும்போதுகூடத் தலையணைக்கு அடியில்தான் இருக்கும். வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

டிக்கெட் கவுன்டரில் கூட்டம் குறைந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல், "எஷ்டு ஜனா சார்?" என்று கன்னடத்தில் கேட்டாள். எத்தனை பேர்?

குணசேகர் வாயைத் திறந்தான். பழக்கப்பட்ட வாய், எதையோ சொல்ல வந்து நின்றது. சங்கமித்ரா எடுத்துக்கொடுக்கவில்லை. அவன் சொல்லட்டும் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

"ஒப்ரு," என்றான். ஒருத்தர்.

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள். "மேடம்கே?"

"மேடம்து இதே. நனகே ஒந்து." மேடத்துக்கு இருக்கிறது. எனக்குத்தான் ஒன்று.

அதைச் சொல்லிவிட்டு அவன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஹனிமூன் போகிறவன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். கருத்த முகத்தில் வாயெல்லாம் பல். சங்கமித்ராவுக்கு அவனை அப்படியே அங்கேயே நிறுத்தி வைத்துக்கொண்டு பார்க்கணும் போல இருந்தது. வெயில் ஏறிவிட்டிருந்தது. சாயங்காலம் ஆனால் மைசூருக்கு அவன்தான் ஓட்டணும். நாளை மறுநாள் யாரோ ஒரு பார்ட்டிக்குக் கோவா டிரிப் இருக்கிறது. இத்தனை வருஷப் பசிக்கு இந்த ஒரு பகல் எந்த மூலைக்கு என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதற்கும் நேரம் போகும் என்று, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.